தானியேல் 4: ராஜாவின் பெருமைக்குப் பரிகாரம் பணிவா, நீதியா?

ஒலிவக்கன்று:
எல்லாருக்கும் வணக்கம். தானியேல் 4-ஆம் அதிகாரத்தைப் பற்றிப் பலநாள் உறுத்தலாக இருக்கும் ஒரு கேள்வி. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் ஒரு கனவு காண்கிறான், சிறைபிடிக்கப்பட்டு வந்த தானியேல் அதற்கு அர்த்தம் சொல்கிறான், பிறகு பெருமை பேசிய ராஜா புத்தி பேதலித்து மாடுபோலப் புல் மேய்ந்து கடைசியில் தெளிகிறான் என்பது அதன் கதை. இந்த அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கம் செய்கிறவர்கள் பெருமை கூடாது என்று சொல்வார்கள், சரி. அப்புறம், ராஜாக்களை ஏற்படுத்துகிறவர் கர்த்தர், ஆகவே ஆளுகிறவர்களைப் பற்றி வாய் திறக்காதே என்று முடிப்பார்கள். இந்த இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேபுகாத்நேச்சார் யார்? எருசலேமை இடித்தவன், ஆலயத்தைக் கொளுத்தியவன், ஜனத்தைச் சிறைபிடித்துக் கொண்டுபோனவன். எரேமியா 27-ல் கர்த்தர் அவனையே "என் ஊழியக்காரன்" என்கிறார். அப்படியென்றால் அவன் செய்ததெல்லாம் அவர் செய்வித்ததா? செய்வித்தது அவரானால், பிறகு எதற்காக அவனை மாடுபோலப் புல் மேய விட வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ஆயர்பணி:
நல்ல கேள்வி, சகோதரரே. இதே கேள்வியை ஏசாயா 10-ஆம் அதிகாரம் நேராக எடுத்துப் பேசுகிறது. அங்கே ராஜா அசீரியன். அவன் கர்த்தருடைய கோபத்தின் கோல் என்று தொடங்கும் அந்தப் பகுதி, தொடங்கும்போதே அவனுக்கு "ஐயோ" சொல்லிவிடுகிறது. கோலாக இருப்பதும் சாபத்துக்கு உள்ளாவதும் ஒரே வசனத்தில் வருகின்றன.

காரணமும் அங்கேயே இருக்கிறது. அவன் தன்னை அப்படி நினைக்கவில்லை. தண்டிக்க அனுப்பப்பட்டவன், ஜாதிகளை அடியோடு அழிக்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு போகிறான். எல்லாம் என் கையின் பலத்தால் செய்தேன், என் ஞானத்தால் செய்தேன், கூட்டில் கிடக்கும் முட்டைகளை எடுப்பதுபோல உலகத்தையே வாரிக்கொண்டேன் என்கிறான். வெட்டுகிறவனுக்கு எதிராகக் கோடரி மேன்மைபாராட்டலாமா என்று தீர்க்கதரிசி கேட்பது அந்த இடத்தில்தான்.

பொல்லாத ராஜாவையும் கர்த்தர் பயன்படுத்துவார். பயன்படுத்தியதால் அவன் நல்லவன் ஆகிவிடவில்லை.

எதிர்க்கேள்வி:
நான் விசுவாசி இல்லை. ஆனால் இந்த நூல்களை மதித்து வாசிக்கிறவன், அதனால் கேட்கிறேன்.

கோடரிக்குச் சொந்த மனம் கிடையாது, அதைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. மனம் உள்ளவன் என்றால் அவன் கோடரி இல்லை. யாத்திராகமத்தில் பார்வோனின் இருதயம் கடினப்பட்டது என்கிறீர்கள். சில இடத்தில் அவனே கடினப்படுத்திக்கொள்கிறான், சில இடத்தில் கர்த்தர் கடினப்படுத்துகிறார். ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப் போல இருக்கிறது என்று நீதிமொழிகள் 21 சொல்கிறது. அப்புறம் யாரைக் குறை சொல்வது?

இன்னொன்று. "எங்கள் தெய்வம்தான் இந்த ராஜாவைத் தேர்ந்தெடுத்தது" என்று அன்றைக்கு எல்லா ஊரிலும் சொன்னார்கள். ஏசாயா 45 பாரசீக ராஜா கோரேசைக் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவன் என்கிறது. 1879-ல் பாபிலோனில் எடுத்த கோரேசின் களிமண் உருளையோ, அவனைப் பெயர் சொல்லி அழைத்தது பாபிலோனின் தெய்வமான மர்துக் என்கிறது. தோற்றுப்போன ஒரு ஜனம் தன் தோல்விக்கு அர்த்தம் தேடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தத் தேடலை நான் இழிவாகச் சொல்லவில்லை, அதில் பெரிய தைரியம் இருக்கிறது.

களிமண்பலகை:
எதிர்க்கேள்வி சொன்ன உருளையிலிருந்தே தொடர்கிறேன், ஏனென்றால் பாபிலோன் பக்கத்து ஆவணங்களைப் பார்த்தால் தானியேல் 4 இன்னும் விசித்திரமாகத் தெரியும்.

அரமனை மாடியில் உலாவிக்கொண்டே, இது நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா என்று ராஜா சொல்வதாகக் கதை. அந்த வாய் அவனுடையதுதான் என்று நம்புவதில் சிரமமே இல்லை. ஜெர்மானியத் தொல்லியலாளர் ராபர்ட் கோல்டேவி 1899 முதல் 1917 வரை பாபிலோனைத் தோண்டினார். மதில், வாசல், அரமனை, ஊர்வலப் பாதை என்று எங்கே பார்த்தாலும் நேபுகாத்நேச்சாரின் வேலை, செங்கல்லில் அவன் பெயர் முத்திரை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் நீண்ட கல்வெட்டு முழுக்க, இதைக் கட்டினேன், அதை உயர்த்தினேன் என்றுதான் ஓடுகிறது.

ஆனால் அதே கல்வெட்டு, என்னைப் படைத்தவன் மர்துக், ராஜ்யத்தை எனக்குக் கொடுத்தவன் மர்துக் என்றும் சொல்கிறது. கடைசியில் மர்துக்கை நோக்கி ஜெபம். செங்கல் முத்திரையும் அவனை எசகிலா, எசிதா என்ற இரண்டு கோயில்களைப் பேணுகிறவன் என்றுதான் அறிமுகப்படுத்துகிறது. அவனுடைய அப்பா நபொபொலாசார் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறான். நான் யாருமில்லாதவனுடைய மகன், தாழ்மையுள்ளவன், தெய்வத்துக்குப் பயந்தவன் என்று தன்னைப் பற்றி எழுதிக்கொள்கிறான். பாபிலோனின் பெரிய கோபுரத்தைத் திருப்பிக் கட்டியபோது ராஜ வஸ்திரத்தைச் சுருட்டிக்கொண்டு மண்ணையும் செங்கல்லையும் தன் தலையில் சுமந்ததாகவும், மூத்த மகன் நேபுகாத்நேச்சாரையும் வேலையாட்களோடு சேர்த்து மண் சுமக்க வைத்ததாகவும் சொல்கிறான்.

பாபிலோனின் புத்தாண்டு விழாவிலும் ஒரு சடங்கு உண்டு. நிசான் மாதம் ஐந்தாம் நாள் பூசாரி ராஜாவின் செங்கோலையும் மற்ற சின்னங்களையும் வாங்கி வைத்துவிட்டு, அவன் கன்னத்தில் அறைந்து, காதைப் பிடித்து இழுத்து, மர்துக் முன்னால் முழங்கால்படியிட வைப்பான். நான் பாவம் செய்யவில்லை, பாபிலோனை அழிக்கவில்லை என்று ராஜா சொல்ல வேண்டும். மறுபடியும் ஒரு அறை. கண்ணீர் வந்தால் தெய்வம் மகிழ்ந்தது என்று அர்த்தம். இந்தச் சடங்கு நூலின் பிரதிகள் கிரேக்கர் ஆட்சிக்காலத்தவை, நேபுகாத்நேச்சார் காலத்தில் இப்படியே நடந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு.

நான் சொல்ல வருவது, தெய்வத்துக்கு முன் பணிவு என்பது பாபிலோனில் குறைவாக இருந்த பொருள் இல்லை. ராஜாவின் எழுத்து முழுக்க அது இருக்கிறது. அப்படியானால் தானியேல் அவனிடம் இல்லை என்று சொல்வது எதை?

கூடாரவாசி:
தம்பி கேட்ட கேள்விக்கு விடை 27-ஆம் வசனம். பிரசங்கங்களில் அதிகம் தாண்டிப்போகிற வசனமும் அதுதான்.

கனவுக்கு அர்த்தம் சொல்லி முடித்த தானியேல் அங்கே நிறுத்தவில்லை. ராஜாவே, என் ஆலோசனையைக் கேளும் என்று தொடங்கி, நீதியைச் செய்து உம்முடைய பாவங்களை அகற்றும், சிறுமையானவர்களுக்கு இரங்கி உம்முடைய அக்கிரமங்களை அகற்றும், அப்போது உம்முடைய வாழ்வு நீடித்திருக்கலாம் என்கிறான். கர்த்தருக்கு ஆலயம் கட்டு என்று சொல்லவில்லை. மர்துக்கை விடு என்றுகூட இந்த இடத்தில் சொல்லவில்லை. ஏழைகளுக்கு இரங்கு என்கிறான். சிறைபிடிக்கப்பட்டு வந்த ஒருவன், தன் ஊரை அழித்தவனின் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

கனவையும் திரும்பப் பாருங்கள். வானம் தொடும் ஒரு மரம். அதன் கீழே மிருகங்களுக்கு நிழல், கொப்புகளில் பறவைகளுக்கு இடம், எல்லா உயிருக்கும் அதில் ஆகாரம். மரம் கெட்டது என்று கனவு சொல்லவே இல்லை. இத்தனை உயிருக்கும் சோறும் நிழலும் கொடுப்பதற்குத்தான் அது அவ்வளவு பெரிதாக நிற்கிறது. எசேக்கியேல் 31-லும் அசீரியன் இதே மாதிரி லீபனோன் கேதுருவாக வருகிறான், பறவைகளுக்கும் மிருகங்களுக்கும் இடம் கொடுக்கிறான், உயரத்தினாலே மனம் மேட்டிமையானதும் வெட்டப்படுகிறான்.

இப்போது மாடியில் ராஜா பேசுவதை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். என் வல்லமை, என் மகிமை, நான் கட்டினது. அந்தப் பேச்சில் ஒரு மனிதன்கூட இல்லை. சுமந்தவன் இல்லை, சுட்டவன் இல்லை, மரத்தடியில் அண்டியிருந்த ஒரு உயிரும் இல்லை. கனவில் அவனுக்குக் காட்டப்பட்டது, மாடியில் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. வேதம் இங்கே பெருமை என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். கீழே இருப்பவர்கள் பார்வையிலிருந்து மறைந்துபோவது.

இது தானியேலில் மட்டும் இல்லை. உபாகமம் 17-ல் ராஜாவுக்கான சட்டத்தை வாசியுங்கள். குதிரைகளைப் பெருக்காதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ச் சேர்க்காதே. நியாயப்பிரமாணத்தை ஒரு பிரதி எழுதி வைத்து உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசி. எதற்காக? அவன் இருதயம் தன் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளாதிருப்பதற்காக. ராஜாவின் பெருமையை அந்தச் சட்டம் அளப்பது, அவன் தன் சகோதரர்களுக்கு எவ்வளவு மேலே போய்விட்டான் என்பதை வைத்து.

எரேமியா 22 இன்னும் கூர்மை. யூதாவின் ராஜா யோயாக்கீம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கி வீடு கட்டுகிறான், பெரிய மாடி, பலகணிகள், கேதுருப் பலகை, சாதிலிங்க வர்ணம். கேதுருவில் போட்டிபோடுகிறதினால் நீ ராஜாவாகிவிடுவாயா என்று தீர்க்கதரிசி கேட்கிறார். உன் தகப்பன் யோசியா சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான், அதுவல்லவா "என்னை அறிகிற அறிவு" என்று கர்த்தர் சொல்வதாக முடிக்கிறார்.

ஒலிவக்கன்று:
அக்கா, 27-ஆம் வசனத்தை நான் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், ஆனால் மாடிப் பேச்சுக்கு விடையாக அதை யாரும் எனக்குக் காட்டினதில்லை. ஆயர் ஐயா என்ன சொல்கிறீர்கள்?

ஆயர்பணி:
சகோதரி சொன்ன வசனங்கள் எல்லாம் உண்மை. ஆனால் பெருமை என்பதை முழுக்க ஏழைகள் விஷயமாக ஆக்கிவிடக் கூடாது என்று அன்போடு சொல்கிறேன். 2 நாளாகமம் 26-ல் உசியா ராஜாவைப் பாருங்கள். ஐம்பத்திரண்டு வருஷம் ஆண்டவன். கோபுரங்கள் கட்டினான், வனாந்தரத்தில் துரவுகள் வெட்டினான், வேளாண்மையில் பிரியமுள்ளவன். ஜனத்தை ஒடுக்கினான் என்று ஒரு வார்த்தை இல்லை. பலப்பட்டபோது மனம் மேட்டிமையாகி, தூபங்காட்ட ஆலயத்துக்குள்ளே போனான். ஆசாரியன் அசரியாவும் எண்பது ஆசாரியர்களும் எதிர்த்து நின்றார்கள். நெற்றியில் குஷ்டம். மரணம்வரை தனி வீட்டில் இருந்தான்.

இங்கே அவன் மீறினது கர்த்தர் வைத்த எல்லையை. மனாசே ராஜாவும் அப்படித்தான். பாபிலோனில் விலங்கிடப்பட்டுக் கிடந்தபோது தேவனுக்கு முன்பாகத் தன்னைத் தாழ்த்தினான், அவரும் திருப்பிக் கொண்டுவந்தார். மேலே பார்த்துத் தாழாதவன் கீழே இருப்பவனிடம் தாழ்ந்துபோக மாட்டான்.

கூடாரவாசி:
ஐயா, உசியாவை நீங்கள் சொன்னது நல்லது. நான் அதையே வேறு பக்கமிருந்து பார்க்கிறேன். பட்டயமும் பொக்கிஷமும் கையில் இருக்கிற ராஜா தூபகலசத்தையும் எடுத்துக்கொண்டால், அப்புறம் அவனைத் தடுக்க யார் மிச்சம்? எண்பது பேர் கூடி "உமக்கு அடுத்ததல்ல" என்று சொல்ல முடிந்த ஒரே இடம் அது. அந்த எல்லை கர்த்தருக்கான மரியாதை, கூடவே ஜனத்துக்கான பாதுகாப்பும்.

மேலே பணிந்தாலே கீழேயும் பணிவு வந்துவிடும் என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. தம்பி களிமண்பலகை காட்டின பாபிலோன் ராஜாக்கள் எல்லாரும் மேலே பார்த்துப் பணிந்தவர்கள்தானே. இஸ்ரவேலிலும் ஆகாப் ராஜா இருக்கிறான். நாபோத்தைக் கொன்று திராட்சத்தோட்டத்தை எடுத்துக்கொண்ட பிறகு எலியா வந்து சொன்னதும் இரட்டு உடுத்தி உபவாசித்தான், கர்த்தரும் அதைக் கணக்கில் எடுத்துத் தீங்கை அவன் நாளில் வராமல் தள்ளிவைத்தார். ஆனால் தோட்டம் நாபோத்தின் குடும்பத்துக்குத் திரும்பிப் போனதாக ஒரு வரி இல்லை.

எதிர்க்கேள்வி:
ஏழைக்கு இரங்குவது எபிரெய வேதத்தின் தனிச்சொத்து மாதிரிப் பேசுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. பாபிலோன் ராஜா அம்முராபி கி.மு. 18-ஆம் நூற்றாண்டிலேயே, பலவான் பலவீனனை ஒடுக்காதபடி, விதவைக்கும் அனாதைக்கும் நீதி கிடைக்கும்படி சட்டம் வைத்தேன் என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டான்.

களிமண்பலகை:
உண்மை, அதை மறைக்கக் கூடாது. புத்தாண்டுச் சடங்கிலேயே, சலுகை பெற்ற குடிமக்களின் கன்னத்தில் நான் அடிக்கவில்லை என்று ராஜா சொல்கிற ஒரு வரி வருகிறது. ஆனால் இரண்டிலும் பேசுவது யார் என்று பாருங்கள். ராஜா தன்னைப் பற்றித் தானே சொல்கிறான், அல்லது சடங்கு எழுதிக்கொடுத்ததைச் சொல்கிறான். நீதி செய்யவில்லை என்று அவனிடம் சொல்கிற இன்னொருவனை அந்தக் கல்வெட்டுகளில் எதிர்பார்க்க முடியாது. தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் "நீயே அந்த மனுஷன்" என்றதை, அதுவும் தாவீதின் வம்சத்தைக் கொண்டாடுகிற ஜனமே எழுதி வைத்துப் பாதுகாத்தது. எனக்குத் தனித்துத் தெரிவது அது.

எதிர்க்கேள்வி:
அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. சரி, புல் மேய்ந்த கதைக்குச் சரித்திர ஆதாரம் உண்டா?

களிமண்பலகை:
நேபுகாத்நேச்சார் ஆண்டது கி.மு. 605 முதல் 562 வரை. பாபிலோனிய வரலாற்றுக் குறிப்பு அவனுடைய பதினோராம் ஆண்டோடு நமக்கு முறிந்துபோகிறது. அதனால் அந்த மௌனத்தை வைத்து இப்படியும் சொல்ல முடியாது, அப்படியும் சொல்ல முடியாது.

சவக்கடல் அருகே கும்ரான் நான்காம் குகையில் ஒரு துண்டுச் சுவடி கிடைத்தது, 1956-ல் வெளியானது. நபோனிதுவின் ஜெபம் என்பார்கள். அதில் பாபிலோன் ராஜா நபோனிது தேமாவில் ஏழு வருஷம் கொடிய தோல் நோயால் வாதிக்கப்படுகிறான். வெள்ளி, பொன் தெய்வங்களை வேண்டிப் பயனில்லை. ஒரு யூதன் அவனுக்கு வழி சொல்கிறான். நபோனிது, தானியேல் 5-ல் வரும் பெல்ஷாத்சாரின் சொந்தத் தகப்பன், கி.மு. 556 முதல் 539 வரை ஆண்டவன், மகனிடம் பாபிலோனை விட்டுவிட்டுப் பத்து வருஷம் அரேபியாவின் தேமாவில் இருந்தான் என்பது அவனுடைய சொந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆகவே நபோனிதுவைப் பற்றிய பழைய நினைவு, பெரிய பெயரான நேபுகாத்நேச்சாரிடம் வந்து சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். தானியேல் நூல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது யூதரை ஒடுக்கிய கிரேக்க ராஜா அந்தியோகு எப்பிபானேயின் கொடுமைக்காலத்தில், கி.மு. 165-ஐ ஒட்டி என்பது ஆய்வாளர்களில் பெரும்பான்மைக் கருத்து. முதல் ஆறு அதிகாரங்களின் கதைகள் அதைவிடப் பழையவை என்பார்கள்.

நூலின் பழைய கிரேக்க வடிவத்தில் இந்த 4-ஆம் அதிகாரம் நிறைய வேறுபடுகிறது. ஜீவனுள்ள தேவனின் வீட்டை நீ பாழாக்கினாய் என்ற குற்றச்சாட்டு அங்கே நேராகவே வருகிறது. ஒலிவக்கன்று முதலில் கேட்டது பழைய காலத்தவர்களையும் உறுத்தியிருக்கிறது.

ஒலிவக்கன்று:
நன்றி அண்ணா. ஆனால் என் இரண்டாவது சந்தேகம் அப்படியே நிற்கிறது. எரேமியா 27-ல் பாபிலோன் ராஜாவின் நுகத்துக்குக் கழுத்தைக் கொடுங்கள் என்றுதானே சொல்கிறார்? வாய் திறக்காதே என்கிறவர்கள் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆயர்பணி:
அந்த வசனத்தை அதே அதிகாரத்தின் 7-ஆம் வசனத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும், சகோதரரே. அவனுடைய தேசத்துக்கும் காலம் வரும்வரைக்கும் என்று அங்கேயே கெடு வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கெடு இரண்டே வருஷம் என்று சொன்ன அனனியா என்ற தீர்க்கதரிசி எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை உடைத்தான், ஜனத்துக்கு அது இனிப்பாக இருந்தது. எரேமியா கழுத்தைக் கொடுக்கச் சொன்னது பாபிலோன் நியாயமானது என்பதற்காக இல்லை, எதிர்த்தால் பட்டயத்துக்கும் பஞ்சத்துக்கும் சாகப்போவது எளிய ஜனம் என்பதற்காக.

எரேமியா வாய் மூடியிருந்தாரா? யோயாக்கீமின் வீட்டைப் பற்றி அவர் பேசினதைச் சகோதரி மேலே எழுதியிருக்கிறார். அந்த ராஜா குளிர்கால வீட்டில் கணப்புக்கு முன் உட்கார்ந்து, எரேமியாவின் சுருளை மூன்று நான்கு பத்தி வாசிக்க வாசிக்கச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். சிதேக்கியா ராஜாவின் நாளில் அவரைச் சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். ராஜாக்களை ஏற்படுத்துகிறவர் கர்த்தர் என்று நம்பினதால்தான் ராஜாவுக்கு அவர் பயப்படவில்லை. இந்தச் சத்தியத்தை வாயடைக்கப் பயன்படுத்துவது வேதத்துக்கு விரோதம். பிரசங்கிக்கிறவனாகவே இதைச் சொல்கிறேன்.

நீர்க்கால்:
இழையை அமைதியாக வாசித்துக்கொண்டிருந்தேன், ஒன்று சேர்க்கிறேன். யூத ரபிகளின் தல்மூதில், பாபா பத்ரா என்ற பகுதியின் 4-ஆம் ஏட்டில், தானியேல் ஏன் தண்டிக்கப்பட்டான் என்று ஒரு விசாரணை வருகிறது. நேபுகாத்நேச்சாருக்கு ஆலோசனை சொன்னதற்காக என்கிறார்கள், ஆதாரமாகக் காட்டுவது இதே 27-ஆம் வசனம். ஏழைகளுக்கு இரங்கும்படி சொல்லி அந்தப் பொல்லாதவனுக்குப் பன்னிரண்டு மாதம் தவணை வாங்கிக் கொடுத்துவிட்டான் என்பது அவர்கள் வருத்தம். பேச்சு அங்கே வருவது ரோமர் காலத்து யூதேயாவின் ராஜா ஏரோதைப் பற்றிப் பேசும்போது. அறிஞர்களைக் கொன்ற ஏரோதுக்கு, பரிகாரமாக ஆலயத்தைப் புதுப்பித்துக் கட்டு என்று ஒரு அறிஞர் வழி சொல்கிறார். அப்படிச் சொல்லலாமா என்பது கேள்வி. கொடுமை செய்தவனுக்குத் தப்ப வழி காட்டுவது சரியா என்று இவ்வளவு வேதனையோடு கேட்டவர்கள், ஆலயத்தை இழந்த ஜனம் என்பதை மறக்கக் கூடாது.

கூடாரவாசி:
இதைச் சொன்னதற்கு நன்றி. எனக்குத் தானியேல் செய்தது சரி என்றே படுகிறது. தவணை கிடைத்த அந்தப் பன்னிரண்டு மாதமும் யாராவது சில ஏழைகளுக்குச் சோறு கிடைத்திருந்தால் அது அவர்களுக்குக் கிடைத்தது, ராஜாவுக்கு அல்ல.

எதிர்க்கேள்வி:
ஆனால் கடைசியில் அவன் அதைச் செய்தானா? புத்தி திரும்பியது, வானத்தை அண்ணாந்து பார்த்தான், உன்னதமானவரைத் துதித்தான், பிரபுக்கள் தேடி வந்தார்கள், ராஜ்யம் திரும்பக் கிடைத்தது, முன்னைவிட அதிக மகத்துவம். சிறுமையானவர்களுக்கு இரங்கினான் என்று அதிகாரம் எங்கேயும் சொல்லவில்லையே.

களிமண்பலகை:
சொல்லவில்லை. இதற்கு வெளியே நம்மிடம் இருப்பது ஒரு கைதியின் கணக்கு. யூதாவின் ராஜா யோயாக்கீன் பதினெட்டு வயதில் மூன்று மாதம் ஆண்டான், கி.மு. 597-ல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டான். கோல்டேவி தோண்டின தெற்கு அரமனையின் நிலவறையில் களிமண் பலகைகள் கிடைத்தன, 1939-ல் வெளியாகின. யூதா தேசத்து ராஜா யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து குமாரர்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு அதில் இருக்கிறது. சாப்பாடு போட்டார்கள், விடவில்லை.

கூடாரவாசி:
2 இராஜாக்கள் 25-ன் கடைசி வசனங்களும் அதோடு பொருந்துகின்றன. யோயாக்கீனின் சிறையிருப்பின் முப்பத்தேழாம் வருஷத்தில், நேபுகாத்நேச்சாரின் மகன் ஏவில்மெரொதாக் ராஜாவான அந்த வருஷத்தில்தான் அவனைச் சிறையிலிருந்து எடுத்து, சிறைவஸ்திரத்தை மாற்றி, தன் பந்தியில் உட்கார வைக்கிறான். அதாவது நேபுகாத்நேச்சார் செத்த பிறகு. ஏசாயா 14-ல் பாபிலோன் ராஜாவைப் பார்த்துப் பாதாளத்தில் சொல்லப்படும் குற்றங்களின் வரிசையில், சிறைப்பட்டவர்களைத் தங்கள் வீடுகளுக்குப் போகவிடாமல் இருந்தவன் என்பதும் ஒன்று. எதிர்க்கேள்வி தம்பி கேட்டதற்கு, வேதத்தில் எனக்குத் தெரிந்தவரை இருக்கிற பதில் அதுதான்.